பழைய போர்ஷ் பாக்ஸ்டர் எஸ்: வாங்கிய பிறகு எவ்வளவு செலவாகும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள். பெங்களூருப் பதிவில் ஒரு 2014 மாடல் போர்ஷ் பாக்ஸ்டர் எஸ் பார்த்திருக்கிறீர்கள்: பிடிகே ஆட்டோமேட்டிக் கியர், 38,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், 46 லட்சம் சொல்கிறார்கள். கையில் 55 லட்சம் இருக்கிறது, கடன் வாங்குவதாக இல்லை. வார இறுதியில் மட்டும், வருடம் 5,000 கிலோமீட்டர் போல ஓட்டுவீர்கள். மைலேஜ் எட்டாவது கொடுக்குமா, சர்வீஸுக்கு வருடம் ஒரு லட்சம் ஒதுக்கினால் போதுமா, "ஐஎம்எஸ் போனால் இன்ஜினே போச்சு" என்று (ஐஎம்எஸ் என்பது இன்ஜினுக்குள் உள்ள ஓர் இடைத் தண்டு) நண்பர் பயமுறுத்துவது உண்மையா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 46 லட்சத்தைக் கொடுத்த பிறகு மிஞ்சும் 9 லட்சம் இந்த வண்டியை வைத்துக் காப்பாற்றப் போதுமா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது. சொன்ன விலைக்கே வாங்கினால் போதாது என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

வாரண்டி முடிந்த ஐரோப்பியக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் பல வருடம் வேலை செய்தவன் நான். இப்போது பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வதே முக்கிய வேலையாகிவிட்டது. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, அதனால் அது நல்லதா கெட்டதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் பில்களில் பார்த்துப் பழகிய தொகைகளை உருட்டிச் சொல்பவை. யூரோ மதிப்பு, சுங்க வரி, பட்டறை இவற்றைப் பொறுத்து கூடும், குறையும்.

மைலேஜை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்த முடிவில் அதற்குத்தான் மிகச் சிறிய பங்கு. கம்பெனி காகிதத்தில் இந்த வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும். நம் ஊர்ப் போக்குவரத்தில் ஆறு, ஏழு. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் பத்து வரும். சராசரி ஏழு என்று வைத்தால் 5,000 கிலோமீட்டருக்குச் சுமார் 715 லிட்டர். எட்டு கொடுத்தால் 625. வித்தியாசம் 90 லிட்டர், இன்றைய விலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். இந்த வண்டியின் ஒரு பின் டயர் அதைவிடப் பல மடங்கு விலை. அதனால் மைலேஜ் கேள்வியை விட்டுவிடலாம். பெட்ரோலின் தரத்தைப் பற்றி மட்டும் யோசியுங்கள். இந்த இன்ஜினுக்கு 98 ஆக்டேனைத்தான் போர்ஷ் பரிந்துரைக்கிறது. 95 போட்டாலும் இன்ஜின் தன் இக்னிஷன் டைமிங்கைச் சரிசெய்துகொண்டு ஓடும். எத்தனாலைப் பொறுத்தவரை 10 சதவீதம் வரை கலந்தது சரி என்பதுதான் அந்தக் காலத்து மாடல்களுக்குக் கொடுத்த உறுதி. இப்போது சாதாரண பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதைப் போட்டால் உடனே ஏதாவது ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி நான் பார்த்ததும் இல்லை. ஆனால் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் வண்டியில் அது பிரச்சினையாகாது. மூன்று வாரம் ஷெட்டில் நிற்கும் வண்டியில் டேங்க்கிலும் பம்ப்பிலும் என்ன செய்யும் என்ற கவலை எனக்கு உண்டு. எக்ஸ்பி100 (இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல்) கிடைத்தால் அதைப் போடுங்கள். லிட்டருக்கு 160 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் போலத்தான் கூடுதல்.

அடுத்து ஐஎம்எஸ். உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான், ஆனால் அது இந்த வண்டியைப் பற்றியது அல்ல. 1990களின் கடைசியிலிருந்து 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன், 911 கார்களில் எம்96, எம்97 என்ற இன்ஜின்கள் இருந்தன. அவற்றின் உள்ளே கேம்ஷாஃப்ட்டை ஓட்டுவதற்கு ஒரு இடைத் தண்டு உண்டு. அதன் ஒரு முனையில் உள்ள பேரிங் தேய்ந்து உடைந்தால், துகள்கள் ஆயிலில் கலந்து இன்ஜினையே தின்றுவிடும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் தொடர்பாக அமெரிக்காவில் வழக்குப் போட்டு, சமரசமும் ஆனது. 2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜினில் அந்த இடைத் தண்டே கிடையாது. நீங்கள் பார்க்கும் வண்டியில் இருப்பது அந்தப் புதிய குடும்பத்து 3.4 லிட்டர் இன்ஜின், ஆகவே ஐஎம்எஸ் பயத்தை ஓரம் கட்டுங்கள். சிலிண்டர் சுவரில் கோடு விழும் பிரச்சினையும் பழைய இன்ஜின்களில்தான் அதிகம் பேசப்பட்டது. புதியதில் அரிதாக நடக்கிறது என்பது என் எண்ணம், உறுதி அல்ல. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு பக்க சைலன்சரில் மட்டும் கரி அதிகமாக இருக்கிறதா, உள்ளிருந்து 'டக் டக்' என்று தாளம் கேட்கிறதா என்று பார்ப்பது இலவசம்தானே, பார்த்துவிடுங்கள்.

இனி நிஜமான செலவுக்கு வருவோம். பழைய சொகுசுக் காரின் விலை வருடா வருடம் இறங்கும், அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. மாறாக ஏறும். புதிதாக விற்றபோது ஒரு பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன விலையோ, அதைவிடக் கூடுதலாகத்தான் இன்று கேட்பார்கள். நீங்கள் பாதி விலைக்கு வாங்கியது அந்தப் பாகத்துக்குத் தெரியாது. நம் நாட்டில் போர்ஷ் எல்லாமே முழுதாக இறக்குமதியாகி வந்தவை, ஆகவே சின்ன ரப்பர் ஹோஸ் கூட வரி கட்டிக்கொண்டுதான் வரும். சில சமயம் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டும். கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை; புஷ், பிராக்கெட் மாதிரியானவற்றைச் செய்து தரும் கைகள் அங்கே நிறைய உண்டு, அது உங்களுக்கு ஒரு வசதி. ஆனால் சென்சார், கண்ட்ரோல் யூனிட் எதை மாற்றினாலும் பிவிஸ் என்ற போர்ஷ் டெஸ்டரை மாட்டிக் கோடிங் செய்தாக வேண்டும். அதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ போக வேண்டியிருக்கலாம். பிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்பும் வாடகையும் உங்கள் கணக்கில்தான்.

38,000 கிலோமீட்டர் என்பதை ஒரு பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைக் கேட்டவுடன் கொஞ்சம் தயங்குவேன். பத்து வருடத்துக்கு மேலான வண்டிக்கு இது மிகக் குறைந்த ஓட்டம். இந்த மாதிரிக் கார்களில் பாதி வேலை கிலோமீட்டரை வைத்து வராது, காலண்டரை வைத்து வரும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஸ்பார்க் பிளக் நான்கு வருடம். வண்டி ஷெட்டிலேயே நின்றிருந்தாலும் இதுவரை இரண்டு முறையாவது பிளக் மாறியிருக்க வேண்டும். "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று நினைக்கும் ஓனர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பில் கேளுங்கள். பாக்ஸ்டரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் டிக்கிதான் இருக்கும், பின்னால் திறந்தாலும் டிக்கிதான். அங்கே ஆயில் ஊற்றவும் கூலன்ட் ஊற்றவும் இரண்டு மூடி மட்டும் தெரியும். ஆயில் அளவு பார்க்கக் குச்சி கூட கிடையாது, மீட்டர் திரையில்தான் பார்க்க வேண்டும். அதனால் ஆறு பிளக்கை மாற்றுவதற்கே வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கை விட வேண்டும். கூலி எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும். ஏழு லிட்டருக்கு மேல் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில் என்று சாதாரண வருடாந்திர சர்வீஸுக்கே 60,000 முதல் 1 லட்சம் வரை எடுத்து வையுங்கள். நீங்கள் ஒதுக்கிய ஒரு லட்சம் அதோடு தீர்ந்தது.

டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள், தயாரான வாரமும் வருடமும். 1519 என்றால் 2019-இன் 15-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் நான் புது டயர் செலவைப் பேரத்தில் கழிப்பேன். குறைந்த ஓட்டம் உள்ள வண்டிகளில் இது ரொம்பச் சகஜம்: பார்க்கப் புத்தம் புதுசு போல இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். மழையில் வால்பாறை மலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் அது தெரியவரும். 20 அங்குல ரிம் என்றால் முன்னால் 235, பின்னால் 265 அகலம். நான்குக்கும் சேர்த்து ஒன்றேகால் லட்சத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சம் வரை ஆகும். போர்ஷ் அங்கீகாரத்துக்கான 'என்' குறி இருந்தே ஆக வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. என்னைக் கேட்டால், நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருப்பது அந்தக் குறியைவிட முக்கியம். ஆனால் மறுபடி விற்கும்போது வாங்குபவர் அந்தக் குறியைத் தேடுவார். இன்னொன்று, சக்கரத்துக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சார்களின் பேட்டரி பத்து வருடம் போலத்தான் தாங்கும். டயர் மாற்றும்போதே அதையும் மாற்றிவிட்டால் கூலி மிச்சம்.

பிரேக் டிஸ்க்கும் பேடும் நான்கு பக்கமும் சேர்த்து இரண்டரை முதல் நான்கு லட்சம் வரை போகும். மலை ஏறி இறங்குபவருக்கு இது தள்ளிப்போட முடியாத செலவு. காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) மஞ்சள் நிறத்தில் இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்: அது செராமிக் பிரேக்காக இருக்கலாம். மாற்ற வேண்டி வந்தால் அந்தச் செட் ஒரு புது ஹேட்ச்பேக் காரின் விலையைத் தாண்டிவிடும். சிலர் அழகுக்காக மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுவதும் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் டிஸ்க்கையே பார்க்க வேண்டும்.

பிடிகே கியர்பாக்ஸ் அருமையான சாதனம். நான் பார்த்த இரட்டை கிளட்ச் பெட்டிகளிலேயே அதிகம் உழைப்பது அதுதான். செட்எஃப் கம்பெனி செய்து கொடுப்பது. உள்ளே கிளட்ச்சுக்கு ஒரு எண்ணெய், கியருக்கு ஒரு எண்ணெய் என்று இரண்டு தனித்தனி. இரண்டுக்கும் மாற்றிய பில் இருக்கிறதா பாருங்கள். அதில் பெயர் கெட்டுப்போன பாகம், கியர் ஃபோர்க் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சார். உலோகமாகப் பார்த்தால் அற்பப் பொருள். ஆனால் நீண்ட காலம் அதைத் தனியாக மாற்ற வழியில்லாமல், முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது வெளிநாட்டில் சென்சாரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பட்டறைகள் வந்துவிட்டன, நம் நாட்டில் அதைத் தைரியமாகப் பிரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். முழுப் பெட்டி என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். உங்களுக்கு இது வரும் என்று சொல்லவில்லை, வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் வந்தால் உங்கள் 9 லட்சம் ஒரே பில்லில் போய்விடும்.

எல்லோரும் கவனிக்காமல் விடும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் காற்று புகப் பெரிய வாய்கள் இருக்கின்றன அல்லவா? அதற்குள் ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். சாலையில் கிடக்கும் சருகு, பாலித்தீன், மண் எல்லாம் அந்த வாய்க்குள் போய் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். வெளியே வர வழி கிடையாது. ஒரு முறை கேமன் ஒன்றில் 'ஏசி குளிரவில்லை' என்று பம்பரைக் கழற்றினோம். வேப்பிலையும் புங்க இலையும் மட்கி உரமாகி, ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஈரத்தோடு அது ஒட்டியிருந்த இடத்தில் அலுமினியத் தகடுகள் தொட்டாலே உதிர்ந்தன. இரண்டு கண்டென்சரும் ஒரு ரேடியேட்டரும் மாற்ற வேண்டியதாயிற்று. வருடம் ஒரு முறை பம்பரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்திருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும். அந்த வாய்க்குள் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள், இலைக் குப்பை தெரிந்தால் வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். திறக்கும் கூரை உள்ள வண்டி என்பதால் கூரைத் துணியின் ஓரங்களில் தண்ணீர் வடியும் துளைகளையும் பாருங்கள். அவை அடைத்தால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் சீட்டுக்கு அடியிலேயே கண்ட்ரோல் யூனிட் இருந்ததால், அடைத்த துளையால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போன கதைகள் பல. நிற்கும் வண்டிக்கு இன்னொரு எதிரி எலி. அதற்கு ஜெர்மனியில் தீர்வு எதுவும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

தண்ணீர் என்றதும் வெள்ளம் ஞாபகம் வருகிறது. 2022 செப்டம்பரில் பெங்களூருவின் கிழக்குப் பக்கம் பெரிய வில்லாக்களே மூழ்கி, கோடி ரூபாய்க் கார்கள் தண்ணீரில் நின்றன. சென்னையில் 2015-இலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. அந்தக் கார்கள் எல்லாம் உடைத்து எடைக்குப் போடப்படவில்லை, கணிசமானவை கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வண்டி அந்தச் சமயத்தில் எங்கே இருந்தது என்று கேளுங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மெல்லிய வண்டல், பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பேசவே வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பழைய கிளெய்ம் விவரத்தையும் ஓனர் மூலம் வாங்கிப் பாருங்கள்.

இன்சூரன்ஸை பிரீமியத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022-இல் நிர்ணயித்தபடி 7,897 ரூபாய், அது ஸ்விஃப்ட் டிசையருக்குக் கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான். சிக்கல் சொந்தச் சேதத்தில்தான். ஐந்து வருடத்துக்கு மேலான காருக்கு ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) என்ன என்பதை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்வீர்கள். ஜீரோ டெப் என்ற தேய்மானம் கழிக்காத சலுகையை இந்த வயதுள்ள வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். அது இல்லையென்றால் வழக்கமான அட்டவணைதான்: ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிவு, பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ஆக, ஒரு மாடு குறுக்கே வந்து முன்பக்கம் 5 லட்ச ரூபாய்க்குச் சேதம் என்றால், கூலியைத் தவிர்த்துப் பாகங்களில் பாதியை நீங்கள் கொடுக்க வேண்டும். இதைப் பாலிசி எடுக்கும் நேரத்தில் யாரும் விளக்குவதில்லை, சர்வேயர் வந்த பிறகுதான் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு நாள் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை கட்டாயம் வரும். பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஏற்படும் சேதம் சாதாரண பாலிசியில் வராது. டயரும் பேடும் அங்கே எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு மாற்றமும் வாங்கிய வருடச் செலவில் சேரும். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. பெங்களூரு ஆர்டிஓவில் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வேண்டும். அந்தப் பணம் வரும்வரை எதிர்பார்க்காமல் இருப்பதே மனதுக்கு நல்லது. இங்கே கட்டும் வரியை நான் கண்டவரை, வண்டி புதிதாக விற்ற விலையிலிருந்து வயதுக்கேற்பக் கணக்கிடுகிறார்கள், நீங்கள் கொடுத்த 46 லட்சத்திலிருந்து அல்ல. அது சில லட்சங்கள் வரும். சரியான தொகையை உங்கள் ஆர்டிஓவில் வண்டியின் விவரத்தைக் கொடுத்து முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம். 2014-இல் பதிவான வண்டி என்றால் 2029-இல் 15 வருடம் முடிகிறது, அப்போது தகுதிச் சோதனை, புதுப்பிப்பு எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் விற்க நினைத்தால் வாங்குபவரும் இதையே சொல்லி விலையை இறக்குவார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெட்ரோல் 75,000 முதல் ஒரு லட்சத்துச் சொச்சம், இன்சூரன்ஸ் ஒரு லட்சம் போல, சர்வீஸ் ஒரு லட்சம். டயர், பிரேக், பேட்டரி இவற்றை வருடங்களில் பங்கு போட்டால் ஒரு லட்சம். ஆக, எதுவும் உடையாத நல்ல வருடத்தில் நான்கு லட்சம். இதில் யாரும் தடுமாறுவதில்லை. வண்டியை நஷ்டத்துக்கு விற்றவர்களை எனக்குத் தெரிந்தவரை வீழ்த்தியது இந்த நான்கு லட்சம் அல்ல, ஏதோ ஒரு வருடம் மொத்தமாக வந்த ஆறு, எட்டு லட்சம். சராசரி போட்டுப் பார்த்தால் அது சமாளிக்கக்கூடியதாகத் தெரியும். ஆனால் பில் சராசரியாக வராது, அதுவும் பெரும்பாலும் முதல் 18 மாதத்தில் வரும். ஏனென்றால் பழைய ஓனர் தள்ளிப்போட்ட வேலைகளெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பல சமயம் அதனால்தான் அவர் விற்கவே செய்கிறார். அதனால் பெயர் மாற்றம், வரி, முதல் சர்வீஸ், டயர் எல்லாம் முடிந்த பிறகும் தொடாமல் 8 லட்சமாவது தனியாக நிற்க வேண்டும். உங்கள் 55 லட்சத்தில் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 40 லட்சம். 46-க்கு இது நல்ல வண்டியாகவே இருக்கலாம், உங்கள் பையிலிருக்கும் பணத்துக்கு அல்ல.

இதற்குப் பதில் 35 லட்சத்துக்குப் பழைய வி8 பிஎம்டபிள்யூ எம்3 வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், அடிக்கடி கேட்பார்கள். வேண்டாம். அந்த இன்ஜினில் கனெக்டிங் ராடு பேரிங் சீக்கிரம் தேய்வது உலகம் அறிந்த விஷயம். தெரிந்தவர்கள் வாங்கியவுடனே இன்ஜினுக்குக் கீழே பிரித்து அதை மாற்றிவிடுகிறார்கள். த்ராட்டில் ஆக்சுவேட்டர்களும் போகும். வேகம்தான் வேண்டும், கூரை திறக்க வேண்டியதில்லை என்றால் 2021-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ-யைப் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்திலேயே அசெம்பிள் செய்தது, ஆறு சிலிண்டர், 387 குதிரைசக்தி, நேர்கோட்டில் பாக்ஸ்டர் எஸ்ஸைப் பின்னால் விட்டுவிடும். சாலையில் நிறைய 3 சீரிஸ் ஓடுவதால் பொதுவான பாகங்கள் கைவசம் கிடைக்கும். ஆனால் பாக்ஸ்டரின் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு வளைவு திரும்பிவிட்டீர்களானால் இந்த அறிவுரை உங்கள் காதில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்படியும் அந்த வண்டிதான் வேண்டும் என்றால், ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பெங்களூருவில் போர்ஷ் டீலரிடமோ பிவிஸ் டெஸ்டர் வைத்திருக்கும் பட்டறையிலோ முழுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். செலவு உங்களுடையது. பழுதுக் குறியீடுகளோடு இரண்டு விஷயங்களை அச்சிட்டு வாங்குங்கள். ஒன்று, இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுற்ற விட்ட கணக்கு. ஆறு படிகளாகப் பதிவாகியிருக்கும். பிடிகே வண்டியில் மேல் படிகளில் எதுவும் இருக்கக் கூடாது. மற்றொன்று, இன்ஜின் மொத்தம் ஓடிய மணி நேரம். இதுதான் மீட்டரைத் திருப்பினார்களா என்று காட்டிக்கொடுக்கும். 38,000 கிலோமீட்டருக்கு 1,500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் 25, பெங்களூருவுக்கு நம்பக்கூடியது. 3,500 மணி நேரம் என்றால் மணிக்கு 11 கிலோமீட்டர்கூட வராது. வண்டி நாள் முழுக்க நெரிசலுக்குப் பெயர் போன சில்க் போர்டு சிக்னலிலேயே நின்றிருந்தால் ஒழிய அது நடக்காது. டீலரிடம் போனால், 111 அம்சச் சோதனை முடித்து இந்த வண்டிக்குப் போர்ஷின் அப்ரூவ்டு (பழைய கார்) வாரண்டி தருவார்களா என்றும் கேளுங்கள். வயதைக் காரணம் காட்டி மறுக்கலாம். கிடைத்தால் விலை அதிகமென்று தோன்றினாலும் எடுங்கள், ஒரே மூச்சில் வரக்கூடிய எட்டு லட்சம் அதோடு தவணையாக மாறிவிடும். அப்படிக் கிடைத்தால் 43 லட்சம் வரை போகலாம் என்பேன். சோதனைக்கு ஓனர் தயங்கினாலோ, "இன்னொரு பார்ட்டி நாளைக்கே பணத்தோடு வருகிறார்" என்றாலோ, அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.